சோழவரத்துக் கேம் பழவேற்காட்டில் ஓடுமா?

மீஞ்சூரைச் சுற்றி எஞ்சினுக்குப் பஞ்சம் கிடையாது. தெற்கே எண்ணூரில் அசோக் லேலண்ட் இருக்கிறது. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-இல் இந்தப் பெயருக்கு வந்த கம்பெனி. லாரிக்கும் பஸ்ஸுக்கும் மட்டுமல்ல, காசிமேட்டு விசைப்படகுகளுக்கும் அதன் டீசல் எஞ்சின்கள் போயிருக்கின்றன. இன்னும் கொஞ்சம் தெற்கே திருவொற்றியூர். புல்லட் மோட்டார் சைக்கிளை ஊரறியச் செய்த என்ஃபீல்டு தொழிற்சாலை அங்கேதான். வடக்கே பொன்னேரியைத் தாண்டினால் பழவேற்காடு. ஏரியிலும் கடலிலும் ஃபைபர் படகுகள், அவற்றின் பின்பக்கம் எஞ்சின்கள். தென்மேற்கே சோழவரம்.

சோழவரத்தில் ஏது எஞ்சின் என்று கேட்பீர்கள். உங்கள் தாத்தாவுக்கு மோட்டார் பைத்தியம் இருந்திருந்தால் அவரைக் கேட்டுப் பாருங்கள், சாப்பாட்டை மறந்து பேசுவார். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று போருக்குப் பிறகு அங்கே சும்மா கிடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950-களிலிருந்து அதில் கார், பைக் பந்தயங்களை நடத்தியது. இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் வந்தது 1990-இல். அதுவரைக்கும் பந்தயம் என்றாலே சோழவரம்தான். ஃபியட், ஹெரால்டு, பிற்பாடு சிப்பானி டால்பின் என்று ரோட்டில் ஓடுகிற சாதாரண கார்களையே எஞ்சினைப் பிரித்து, உள்ளே கைவைத்து, பறக்கவிட்டார்கள்.

அப்படிக் கைவைக்கிற இடங்களில் முதன்மையானது கேம்ஷாஃப்ட். இப்போது கேள்விக்கு வருவோம். சோழவரத்தில் கோப்பை வாங்கித் தந்த ஒரு கேம்ஷாஃப்டின் வடிவத்தை அப்படியே எடுத்து ஒரு படகு எஞ்சினில் போட்டால், படகு அலைமேல் பறக்குமா?

பறக்காது. கரையைவிட்டு ஒழுங்காகக் கிளம்பினாலே பெரிது. ஏன் என்று பார்ப்பதற்கு முன் எஞ்சினுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட வேண்டும்.

நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று உள்ளே வரும். மேலே ஏறும்போது அது நசுங்கும். எரிந்ததும் பிஸ்டன் மறுபடி கீழே தள்ளப்படும். கடைசியாக மேலே ஏறும்போது புகை வெளியே போகும். காற்று வர ஒரு கதவு, புகை போக ஒரு கதவு. இவைதான் வால்வுகள், இன்லெட், எக்ஸாஸ்ட் என்று மெக்கானிக்குகள் சொல்வது. பார்ப்பதற்குத் தலைகீழாக நிற்கும் காளான் மாதிரி இருக்கும். இவற்றைச் சரியான நொடியில் திறந்துவிடும் கோல்தான் கேம்ஷாஃப்ட், சுருக்கமாகக் கேம். வழவழப்பான இரும்புத் தண்டு, அதன்மேல் வரிசையாக முட்டை வடிவ மேடுகள். மேடு வந்து டேப்பெட்டைத் தூக்கும், டேப்பெட் புஷ்ராடைத் தூக்கும், புஷ்ராடு ராக்கரைத் தள்ளும், ராக்கர் வால்வை அமுக்கும். கதவு திறக்கும்.

பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று. ஏனென்றால் நான்கு வீச்சுக்கு இரண்டு சுற்று வேண்டும், அந்த நான்கில் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு முறை திறந்தால் போதும். ஒரு கணக்குப் போடுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடுகிறது. அப்படியானால் கேம் 2000 சுற்று. ஒரு வால்வு நொடிக்கு 33 முறை திறந்து மூடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 1,20,000 முறை.

மேட்டின் உயரத்தால் வால்வு எவ்வளவு தூரம் திறக்கிறது என்பது முடிவாகும். இதை லிஃப்ட் என்பார்கள். பெரிய பெட்ரோல் எஞ்சின்களில் பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் என்பது சாதாரணம். மேட்டின் அகலத்தால் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது முடிவாகும். இதற்கு டியூரேஷன் என்று பெயர், கிராங்க்கின் டிகிரியில் சொல்வார்கள். இந்த இரண்டில் எஞ்சினின் குணத்தை அதிகம் மாற்றுவது இரண்டாவதுதான்.

பிஸ்டன் இறங்குவது 180 டிகிரி. அப்படியானால் இன்லெட் வால்வு 180 டிகிரிதானே திறந்திருக்க வேண்டும்? இல்லை. பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே அது திறக்கத் தொடங்குகிறது, அடித்தட்டைத் தொட்டுவிட்டு பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் மூடாமல் இருக்கிறது. காரணம், காற்றுக்கும் எடை உண்டு, ஓட ஆரம்பித்த காற்றுக்கு உந்தம் உண்டு. காலை எட்டு மணிக்கு மீஞ்சூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் மின்சார ரயில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டி நிரம்பிவிட்டது என்று தெரிந்த பின்னும் பின்னால் வருகிறவர்கள் தள்ளுகிற வேகத்தில் இன்னும் பத்துப் பேர் உள்ளே போய்விடுவார்கள். வேகமாக ஓடும் எஞ்சினில் காற்றும் இப்படித்தான். பிஸ்டன் எதிரே ஏறி வந்தாலும், குழாயில் ஓடிவந்த வேகத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே திணிந்துவிடும். அந்த நேரம்வரை கதவைத் திறந்து வைத்திருப்பது லாபம்.

ஆனால் அந்த லாபம் வேகமாக ஓடும்போது மட்டும். 4000 சுற்றில் ஒரு வீச்சுக்குக் கிடைக்கும் நேரம் ஏழரை மில்லி நொடி. 800 சுற்றில், அதாவது ஸ்லோவில் நிற்கும்போது, கிட்டத்தட்ட 38 மில்லி நொடி. காற்று மெதுவாக வருகிறது, உந்தம் எதுவும் இல்லை. அப்போது கதவு திறந்தே இருந்தால், ஏறிவரும் பிஸ்டன் உள்ளே வந்த காற்றையே திருப்பி வெளியே தள்ளிவிடும். எஞ்சின் ‘டப்... டப்டப்... டப்’ என்று நொண்டும். இழுவை இருக்காது.

இழுவை. இந்தச் சொல்லை எந்த லாரி டிரைவரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், எந்த எஞ்சினுக்கு உண்டு, எதற்கு இல்லை என்று ஒரு மணி நேரம் சொல்வார். கேம் தேர்வில் மொத்தக் கதையும் இதற்குள்தான் இருக்கிறது. அகல மேட்டுக் கேம் போட்டால் இழுவை மேல்சுற்றுக்குப் போய்விடும், கீழே காலி. குறுகிய மேட்டுக் கேம் போட்டால் கீழேயே இழுவை கிடைக்கும், மேலே மூச்சு வாங்கும். இரண்டும் ஒரே கேமில் கிடைக்காது. கிடைக்கும் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் நம்புவதில்லை.

பட்டறையில் ஒரு பையன் மெக்கானிக்கிடம் இப்படிக் கேட்பதாக வைத்துக்கொள்வோம்:

“அண்ணே, பெரிய கேமா போட்டா வேகம் வருமில்ல?”

“வரும் தம்பி. எந்தச் சுத்துல வரும்னு கேளு. உன் படகு அந்தச் சுத்துக்குப் போகுமான்னு அப்புறம் கேளு.”

நல்ல மெக்கானிக் என்றால் இந்த இரண்டு கேள்வியையும் கேட்காமல் கேம் டப்பாவைத் திறக்கமாட்டார்.

பந்தயக் காருக்குக் கியர் இருக்கிறது. நேர் பாதையில் விரட்டிவிட்டு வளைவில் கியரைக் குறைத்து, சுற்று எப்போதும் மேலேயே இருக்கும்படி ஓட்டுநர் பார்த்துக்கொள்வார். கீழ்ச்சுற்றில் இழுவை இல்லாவிட்டால் அவருக்கு நஷ்டம் அதிகமில்லை. படகில் அந்த வசதி இல்லை. முன்னே, நடுவே, பின்னே. அவ்வளவுதான் கியர். ஸ்லோவில் நிற்கும்போதே முன்கியரைப் போட வேண்டும், போட்ட அடுத்த கணம் தண்ணீரின் பாரம் புரொப்பல்லரைப் பிடித்துக்கொள்ளும். நொண்டும் எஞ்சின் அங்கேயே நின்றுவிடும். ஜெட்டியில் படகை ஒதுக்கும்போது எஞ்சின் நின்றால் என்னாகும் என்று யோசியுங்கள்.

தண்ணீர் எடுத்துக்கொள்ளும் சக்திக்கு ஒரு கணக்கு உண்டு. புரொப்பல்லரை இரண்டு மடங்கு வேகத்தில் சுற்ற, சக்தி இரண்டு மடங்கு போதாது, நான்கு மடங்கும் போதாது. ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும். காருக்கு இறக்கம் உண்டு, சிக்னலில் ஓய்வு உண்டு. படகு எஞ்சினுக்கு எப்போதும் ஏற்றம்தான். ரோட்டில் போகும் கார் தன் சக்தியில் சின்னப் பங்கையே பெரும்பாலும் செலவழிக்கிறது. ஓடும் படகோ மணிக்கணக்கில் முக்கால் பங்குக்கு மேல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஆகவே படகுக்கு வேண்டியது உச்சியில் ஒரு நிமிடம் மின்னும் சக்தி இல்லை. நடுச்சுற்றில் அசையாமல் நிற்கும் இழுவை.

பழவேற்காட்டு மீனவர்களுக்கு இந்தத் தேர்வுத் தொல்லை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் படகின் சின்ன டீசல் எஞ்சினுக்குக் கம்பெனி கொடுத்த கேம்தான், தேய்ந்தால் அதே மாதிரி இன்னொன்று. டீசலில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வால்வுக்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறைவு, விளையாடவும் முடியாது. தமிழ்நாட்டு விசைப்படகுகளுக்கு 240 குதிரைத்திறன் என்று உச்சவரம்பும் இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான கடலில் யார் எஞ்சின் பெரிது என்று போட்டி வைத்தால் மீன் யாருக்கும் மிஞ்சாது, அதனால் அந்த வரம்பு நியாயம்தான். கேமைத் தேர்ந்தெடுக்கும் வேலை வருவது பெட்ரோலில் ஓடும் வேகப்படகுகளில். அமெரிக்காவின் ஏரிகளில் ஓடும் வேகப்படகுகளில் பல, காருக்குச் செய்த வி-8 எஞ்சினைக் கடலுக்கேற்ப மாற்றிப் பொருத்தியவை. செவர்லேயின் 7.4 லிட்டர் வி-8 அதில் பேர்போனது. அதை இறக்கிப் புதுப்பிக்கும்போது எந்தக் கேம் என்ற கேள்வி நிச்சயம் வரும்.

கேமுடன் ஒரு அட்டை வரும். அதில் டியூரேஷனை வால்வு அசையத் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி சொல்லும். அதனால் டேப்பெட் 1.27 மில்லிமீட்டர் எழும்பிய இடத்திலிருந்து அளப்பது வழக்கம். அந்த அளவில் 210 முதல் 230 டிகிரி வரை இருந்தால் அப்படிப்பட்ட வி-8 படகுக்கு அடக்கமான கேம். 260-ஐத் தாண்டினால் பந்தயக் கேம். அட்டையில் இன்னொரு எண்ணும் இருக்கும்: இன்லெட் மேட்டின் உச்சிக்கும் எக்ஸாஸ்ட் மேட்டின் உச்சிக்கும் உள்ள கோணம். பந்தயக் கேமில் இது 106, 108 என்று நெருங்கியிருக்கும். படகுக் கேமில் 112, 114 என்று விலகியிருக்கும். இந்த விலகலுக்குக் காரணம் வேடிக்கையானது. எஞ்சினுக்குள் தண்ணீர் புகாமல் காப்பதற்காக!

படகுக்குள் எஞ்சின் ஒரு மரப்பெட்டிக்கோ ஃபைபர் பெட்டிக்கோ அடியில் இருக்கிறது. புகைக்குழாய் பழுக்கச் சூடானால் தீப்பிடிக்கும். அதனால் எஞ்சினைக் குளிர்வித்து வரும் தண்ணீரைப் புகைக்குழாய்க்குள்ளேயே தெளித்து, புகையும் தண்ணீருமாகச் சேர்த்துப் பின்னால் துப்புவார்கள். வேகப்படகின் பின்புறம் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்திருந்தால், அது இதுதான். இப்போது ஒரு எக்ஸாஸ்ட் வீச்சு முடிந்து இன்லெட் தொடங்கும் இடத்துக்கு வாருங்கள். கொஞ்ச நேரம் இரண்டு வால்வுமே திறந்திருக்கும். இதை ஓவர்லாப் என்கிறார்கள். வேகமாக ஓடும்போது வெளியேறும் புகை புதுக்காற்றை இழுத்துவிடும், நல்லது. ஸ்லோவில் ஓடும்போதோ இன்லெட் பக்கம் காற்றழுத்தம் குறைவு. திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வழியாகப் புகை திரும்ப உள்ளே உறிஞ்சப்படும். காரில் வெறும் புகைதான் திரும்பும். படகில் புகையோடு தண்ணீர்த் துளிகளும் திரும்பும்.

அதுவும் உப்புத் தண்ணீர். வால்வு துருப்பிடிக்கும், வால்வு உட்காரும் வளையம் அரிக்கும். தண்ணீர் கொஞ்சம் அதிகமாகச் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. ஏறிவரும் பிஸ்டன் தண்ணீரில் மோதும், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். மொத்த எஞ்சினும் குப்பை. ஓவர்லாப் அதிகமுள்ள சோழவரத்துக் கேம் படகில் செய்யக்கூடிய உண்மையான வேலை இதுதான்.

கேம் தேர்வானது பாதி வேலை. கேம் வால்வைத் திறக்கத்தான் செய்யும், மூடாது. மூடுவது ஸ்பிரிங். பெரியவர்கள்கூட இதைத் தவறாக நினைக்கிறார்கள், கேம்தான் எல்லாம் என்று. கேம் சொல்வதை வால்வு கேட்பதற்குக் காரணமே அந்தச் சுருள் கம்பிதான்.

நீங்களே பார்க்கலாம். ஒரு செருப்புப் பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டி அட்டையில் முட்டை வடிவம் ஒன்று வெட்டி, ஒரு குச்சியில் குத்தி, பெட்டியின் இரண்டு பக்கத்திலும் துளையிட்டுக் குச்சியைப் பொருத்துங்கள். பெட்டியின் மேல்தட்டில் ஸ்ட்ரா ஒன்றைச் செருகி, அதற்குள் ஒரு பென்சிலை விடுங்கள். பென்சிலின் அடியில் ஒரு சின்ன அட்டை வட்டத்தை ஒட்டினால் அது அட்டைக் கேம்மேல் சரியாக உட்காரும். குச்சியை மெதுவாகச் சுற்றினால் பென்சில் மேலும் கீழும் பணிவாகப் போகும். வேகமாகச் சுற்றுங்கள். ஒரு வேகத்தில் பென்சில் மேட்டை விட்டு எகிறும், கேம் இறங்கிப் போன பிறகு ‘டொக்’ என்று விழும். இனி ஒரு ரப்பர் பேண்டால் பென்சிலைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டிவிட்டுச் சுற்றுங்கள். முன்பு எகிறிய வேகத்தில் இப்போது எகிறாது, ஆனால் சுற்றுவதற்குக் கை அதிகமாக வலிக்கும்.

எஞ்சினிலும் இப்படி வால்வு எகிறுவதுண்டு. ‘வால்வு ஃப்ளோட்’ என்று பெயர். அந்த ஒரு கணம் வால்வு யாருக்கும் கட்டுப்படாமல் திறந்து நிற்கிறது, கீழிருந்து பிஸ்டன் ஏறி வருகிறது. மோதினால் வால்வு வளையும், சில சமயம் தலையே உடைந்து சிலிண்டருக்குள் விழும்.

இதை எந்த ஸ்பிரிங் தடுக்கும் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. சுற்று இரண்டு மடங்கானால் வால்வைக் கட்டுப்படுத்தத் தேவையான விசை நான்கு மடங்காகும். 3000 சுற்றில் 20 கிலோ எடைக்குச் சமமான விசை போதுமென்றால் 6000 சுற்றில் 80 கிலோ. படகு 4500-க்கு மேல் போகாது, பிறகெதற்குப் பெரிய ஸ்பிரிங் என்று நினைப்பீர்கள். இங்கேதான் முகத்துவாரம் வருகிறது. பழவேற்காட்டில் ஏரி கடலோடு சேரும் வாயில் மண் அடைந்து ஆழம் குறைந்து கிடக்கும், அலை அங்கே உடையும். அலைமேல் ஏறி எகிறும் படகின் புரொப்பல்லர் ஒரு நொடி தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிடும். பாரம் போனதும் எஞ்சின் ‘விர்ர்’ என்று சுற்றை ஏற்றிக்கொண்டு ஓடும். டீசலில் கவர்னர் என்ற கருவி உடனே எரிபொருளைக் குறைத்துவிடும். பெட்ரோல் வேகப்படகில் சுற்றைக் கட்டுப்படுத்தும் மின்கருவி இல்லாவிட்டால் வால்வு எகிறுவது அந்த நொடியில்தான். ஆகவே படகு ஸ்பிரிங்கை வழக்கமான சுற்றுக்குப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அலையில் எகிறும் சுற்றுக்குப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் கிடைப்பதிலேயே முரட்டு ஸ்பிரிங்காகப் போட்டுவிடலாமா? உங்கள் கை ஏன் வலித்தது என்று நினைத்துப் பாருங்கள். ஸ்பிரிங்கின் முழு பாரமும் கேம் மேட்டுக்கும் டேப்பெட்டுக்கும் நடுவில், நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு கோட்டில் இறங்குகிறது. தட்டை டேப்பெட் உள்ள அப்படிப்பட்ட வி-8-இல், வால்வு மூடியிருக்கும்போது 50 முதல் 60 கிலோ, முழுக்கத் திறக்கும்போது 130 முதல் 150 கிலோ என்பது வேகப்படகுக்குப் போதுமான அளவு. அதற்கு மேல் போனால் எண்ணெய்ப் படலம் கிழிந்து இரும்பும் இரும்பும் உரசும். இன்னும் விசை வேண்டுமென்றால் உருளை வைத்த டேப்பெட்டும், அதற்கேற்ற எஃகுக் கேமும் போட வேண்டும். செலவு பல மடங்கு.

தட்டை டேப்பெட் என்றேன். உண்மையில் அது தட்டை இல்லை. அதன் அடிப்பாகத்தைக் கண்ணாடிமேல் வைத்தால் நடுவில் முடியளவு புடைத்திருப்பது தெரியும். கேம் மேடும் ஒரு பக்கமாக மயிரிழை சரிந்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து டேப்பெட்டை ஒவ்வொரு தூக்கலிலும் கொஞ்சம் சுழற்றிவிடுகின்றன. சுழன்றால் தேய்மானம் எல்லாப் பக்கமும் பங்காகும். சுழலாமல் நின்றால் கொஞ்ச நேரத்திலேயே மேடு தேய்ந்து மொட்டையாகிவிடும். பழைய டேப்பெட்டைப் புதுக் கேமுடன் போடக்கூடாது என்று மெக்கானிக் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான், காசு பிடுங்குவதற்காக அல்ல.

நல்ல வால்வு ஸ்பிரிங்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுருள் இருக்கும். வெளிச்சுருள் வலப்பக்கம் முறுக்கியிருந்தால் உள்சுருள் இடப்பக்கம். ஒரே பக்கம் முறுக்கினால் ஒன்றின் வளையம் இன்னொன்றின் இடுக்கில் போய்ச் சிக்கிக்கொள்ளும். இரண்டு எதற்கு என்றால், ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் தானாகவே அதிர ஆசைப்படும் ஒரு வேகம் உண்டு. கேம் தட்டும் தாளம் அந்த வேகத்தோடு ஒத்துப்போனால் சுருளுக்குள்ளேயே அலை மேலும் கீழும் ஓடத் தொடங்கும், பிடி தளரும். வேறு வேறு தாளமுள்ள இரண்டு சுருள் இருந்தால் ஒன்று ஆடும்போது மற்றது அடக்கும். ஒன்று உடைந்தாலும் மற்றது வால்வைக் கீழே விழாமல் பிடித்திருக்கும் என்பது கொசுறு லாபம். கம்பி பெரும்பாலும் குரோமியம், சிலிக்கன் கலந்த எஃகு. செய்து முடித்ததும் அதன்மேல் பொடி எஃகுக் குண்டுகளை வேகமாக அடித்து மேல்தோலை இறுக்குவார்கள். விரிசல் எப்போதும் மேல்தோலில்தான் ஆரம்பிக்கும். தோல் இறுகியிருந்தால் விரிசலுக்கு வாய் திறக்காது.

அந்தத் தோலுக்கு முதல் எதிரி துரு. குண்டூசி முனையளவு துருக்குழி போதும், லட்சக்கணக்கான அமுக்கலில் அங்கிருந்து கம்பி முறியும். மீஞ்சூர்ப் பக்கம் கிணற்று நீரிலேயே கடல் நீர் ஊடுருவிய கதையை வீட்டில் பேசிக் கேட்டிருப்பீர்கள், காட்டுப்பள்ளியில் 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்த ஊர் இது. படகு எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னால், எந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று இங்கே முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய ஸ்பிரிங்கில் ஒரு துருப்புள்ளி தெரிந்தாலும் அது திரும்ப எஞ்சினுக்குள் போகக்கூடாது.

உலகத்தில் இந்த ஸ்பிரிங்கே வேண்டாம் என்று நினைத்தவர்களும் உண்டு. மெர்சிடஸின் 1954-ஆம் ஆண்டுப் பந்தயக் காரில் வால்வைத் திறக்க ஒரு கேம், மூட இன்னொரு கேம். டுகாட்டி மோட்டார் சைக்கிள்களுக்கு இன்றும் அந்த முறை ஒரு பெருமை. 1986-இல் ரெனால்ட் தன் ஃபார்முலா ஒன் எஞ்சினில் உலோகச் சுருளை எடுத்துவிட்டு அழுத்தக் காற்றையே ஸ்பிரிங்காக வைத்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் பந்தய எஞ்சின்கள் 20,000 சுற்றைத் தொட முடிந்தது. படகுக்கு இதெல்லாம் தேவையே இல்லை.

கேமும் வந்தாயிற்று, ஸ்பிரிங்கும் வந்தாயிற்று. மாட்டுவதற்கு முன் மெக்கானிக் செய்யும் ஒரு வேலை உங்களுக்கு மிகவும் பிடிக்கும். பிஸ்டனின் தலையில் வால்வு இறங்கும் இடத்தில் பொம்மை செய்யும் களிமண்ணை ஒரு துண்டு வைத்து, சிலிண்டரை மூடும் ஹெட்டை மாட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றுவார். பிறகு ஹெட்டைத் தூக்கிக் களிமண்ணில் பதிந்த பள்ளத்தைப் பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெலிந்த இடத்தின் தடிமனை அளப்பார். வால்வும் பிஸ்டனும் எவ்வளவு நெருங்குகின்றன என்பது அதில் எழுதியிருக்கும். இன்லெட்டுக்கு 2 மில்லிமீட்டராவது, எக்ஸாஸ்ட்டுக்கு இரண்டரை மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீளும், அதனால் அதற்குக் கூடுதல். அதேபோல் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஸ்பிரிங்கின் வளையங்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்றும் பார்ப்பார். எல்லா இடைவெளியும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டர் மிச்சமிருக்க வேண்டும். தொட்டுவிட்டால் அது ஸ்பிரிங் இல்லை, கட்டைதான். புஷ்ராடு வளைந்துவிடும்.

இரட்டை எஞ்சின் படகாக இருந்தால் இன்னொரு சோதனை பாக்கி. இரண்டு புரொப்பல்லரும் ஒரே பக்கம் சுற்றினால் படகு ஒரு பக்கமாக இழுக்கும். அதனால் பழைய வி-8 படகுகள் சிலவற்றில் ஒரு எஞ்சினையே எதிர்ப்பக்கம் சுற்றும்படி செய்திருப்பார்கள். அதற்கு மேடுகள் வேறு மாதிரி வெட்டிய தனிக் கேம். பார்க்க இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். அட்டையில் சுற்றும் திசையைப் படிக்காமல் மாட்டினால் எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது.

எல்லாம் மாட்டியதும் முதல் ஓட்டம். புது வண்டியை மெதுவாக ஓட்ட வேண்டும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தட்டை டேப்பெட் கேமுக்கு அது விஷம். ஸ்டார்ட் ஆனவுடன் 2000-லிருந்து 2500 சுற்றுக்கு ஏற்றி, இருபது நிமிடம் இறக்காமல் வைத்திருக்க வேண்டும். ஸ்லோவில் விட்டால் மேட்டின் உச்சியான கேம் மூக்கின்மேல் ஸ்பிரிங்கின் பாரம் முழுதாக அழுத்தும், எண்ணெயும் அங்கே குறைவாகத்தான் தெறிக்கும். சுற்று ஏறினால் வால்வு எகிறப் பார்க்கும் அந்த இயல்பே மூக்கின் பாரத்தைக் கொஞ்சம் குறைத்துவிடும், எண்ணெயும் நன்றாகத் தெறிக்கும். படகு கரையில் இருப்பதால் எஞ்சினுக்குக் குழாய்த் தண்ணீர் விட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கைகள் சில நிமிடத்தில் கருகிவிடும்.

இருபது நிமிடம் ஆனதும் எண்ணெயை வடித்து அதில் ஒரு காந்தத்தை விட்டு எடுப்பார்கள். சாம்பல் நிறத்தில் மெலிதாகப் பசை ஒட்டினால் சரி, பாகங்கள் பழகிக்கொள்கின்றன. பளபளவென்று செதில் ஒட்டினால் எங்கோ ஒரு மேடு தேய்கிறது, எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும்.